திருப்பூர் சாயநீரின் லாபக் கணக்கு

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 கிராமுக்கும் மேல் போடுகிறார்கள். கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான். சாயத்தை நூலில் ஏற்றுவதோடு உப்பின் வேலை முடிகிறது. துணியில் தங்காமல் அது அப்படியே கழிவுநீரோடு போய்விடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் இந்த நீரை நொய்யல் ஆற்றில் விட்டன. சுத்திகரிப்பு நடந்த இடங்களிலும் நிறம்தான் குறைந்தது, உப்பு குறையவில்லை. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. ஆற்றோரக் கிணறுகள் உப்புக் கரித்தன.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாது என்று காட்டியவை மட்டுமே மீண்டும் இயங்க முடிந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்தபின் நீர் ஆர்.ஓ. சவ்வுகளுக்குச் செல்கிறது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான நீர் பட்டறைக்கே திரும்புகிறது. லாரித் தண்ணீரை நம்பியிருந்த தொழிலுக்கு இது பெரிய வரவு. கடினத்தன்மையற்ற நீர் என்பதால் நிறமும் சீராக விழுகிறது. உப்புக் கரைசலின் ஒரு பகுதியும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. கழிவே கச்சாப்பொருளாகும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

ஆனால் லாபமே தொழிலை இந்த வழிக்குக் கொண்டுவந்தது என்று சொல்வது வரலாற்றைப் புரட்டுவதாகும். ஆற்றில் விடுவது இலவசமாக இருந்தவரை மறுசுழற்சி வெறும் செலவாகவே தெரிந்தது. அந்த வழி அடைபட்ட பிறகுதான் மீட்ட நீருக்கும் உப்புக்கும் மதிப்பு வந்தது. இன்றும் கண்காணிப்பு தளரும் இடங்களில் அனுமதியற்ற பட்டறைகள் முளைக்கின்றன. விதியை மதிக்கும் பட்டறையைவிடக் குறைந்த கூலிக்குச் சாயம் போட அவற்றால் முடிகிறது. நேர்மையாக நடப்பவருக்கு இது பெரும் அநீதி. பின்னலாடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கின்றன. அதற்கான செலவோ பெரும்பாலும் பட்டறைக்காரர் தலையில்தான் விழுகிறது.

தொழில்நுட்பத்திலும் குறை உண்டு. ஆர்.ஓ. ஒதுக்கும் அடர்கரைசலைக் கொதிக்கவைத்து வற்றவைக்க பாய்லரில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. ஆற்றுக்குப் போகாத மாசில் ஒரு பங்கு இப்படிக் காற்றுக்குப் போகிறது. கடைசியில் மிஞ்சுவது பலவகை உப்புகளும் சாய எச்சமும் சேர்ந்த கலப்பு உப்பு. அதைப் பிரித்தெடுக்கும் செலவு உப்பின் விலையைவிட அதிகம் என்பதால் வாங்க ஆளில்லை. மழைநீர் பட்டால் கரைந்து மண்ணில் இறங்கிவிடும் என்று, சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.