நிலைச்சட்டத் துண்டில் ஒரு போன் ஸ்டாண்ட்

தச்சுப் பட்டறையில் நிலைச்சட்டம் அறுத்தபின் மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகின்றன. அதில் மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு தேக்குத் துண்டு கிடைத்தால் போதும், கடையில் விற்கும் மடக்கு ஸ்டாண்டுகளைவிட நல்லதாக ஒன்று செய்துவிடலாம். அப்படிச் செய்ததைத்தான் இப்போது தினமும் புழங்குகிறேன்.

நான் எடுத்தது நாலுக்கு இரண்டரை சட்டம். நாலு அங்குலம் முன்பின்னாக வரும்படி படுக்க வைத்து, முன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, 14 மி.மீ. அகலத்தில் 15 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுக்க வேண்டும். உறையோடு சேர்த்து 12 மி.மீ. தடிமன் உள்ள போன் அதில் சிக்காமல் இறங்கும். காடியின் இரண்டு கோட்டையும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, நடுவில் நிற்கும் மரத்தை உளியால் எடுத்தால் முடிந்தது. முன்னால் விடும் அந்த ஓர் அங்குலத்தைக் குறைக்காதீர்கள். மெலிந்தால் நார்வாக்கில் பிளந்துகொள்ளும்.

காடி செங்குத்தாக இருக்கக் கூடாது, 20 டிகிரி பின்னால் சாய வேண்டும். 16 செ.மீ. உயரப் போன் அந்தச் சாய்வில் நின்றால் அதன் தலை காடியிலிருந்து ஐந்தரை செ.மீ. பின்னால் வரும். காடிக்குப் பின்னே ஆறு செ.மீ. மரம் இருக்கிறது. கட்டையின் எடையும் 300 கிராம் அளவுக்கு வருவதால், திரையின் மேல் ஓரத்தைத் தட்டினாலும் கவிழ்வதில்லை.

வீட்டில் செய்யும் ஸ்டாண்டுகள் பலவும் கோட்டைவிடுவது சார்ஜரில். போனை நிமிர்த்தி வைத்தால் சார்ஜர் முனை அடியில் வரும். முனையும் அதன் கழுத்தும் இறங்க ஒன்றரை அங்குலமாவது இடம் வேண்டும். ஓர் அங்குலப் பலகையில் அதற்கு வழியே இல்லை, வயர் மடங்கி நைந்துபோகும். தடித்த சட்டத்தை நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். முன்பக்கத்தின் நடுவில் 15 மி.மீ. அகலத்துக்கு, காடியின் அடியிலிருந்து 40 மி.மீ. ஆழம்வரை வெட்டிவிட்டால் வயர் மடங்காமல் முன்னால் வந்துவிடுகிறது.

உப்புத்தாளை 80, 120, 220 என்ற வரிசையில் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். தேக்கின் ரேகை அப்படியே எழுந்து நிற்கிறது. வார்னிஷ் தேவையே இல்லை. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

குறைகளும் உண்டு. சாய்வை மாற்ற முடியாது. வீடியோ காலில் கேமரா மோவாயையும் மின்விசிறியையும் காட்டுகிறது. அடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்தால்தான் முகம் நேராகத் தெரியும். அடியில் ஸ்பீக்கர் உள்ள போனில் சத்தம் கொஞ்சம் அமுங்கும். பையில் போட்டுத் தூக்கிப் போகவும் தோதில்லை.

தேக்கு கிடைக்காமல் சரக்குப் பெட்டி மரத்தை எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். எச்டி என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி என்றால் மீதைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள்.

படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். உளி பிடித்துப் பழக்கமில்லை என்றால் காடி எடுக்கும் வேலையை ஆசாரியிடமே கொடுத்துவிடுங்கள். துண்டு சும்மா கிடைத்தாலும் வேலைக்கான கூலியைக் கேட்டுக் கொடுங்கள்.