வீக்கம் வடிய ஓர் ஊசி

உடுமலைப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் தென்னந்தோப்பு இல்லாத ஊரைக் காண்பது அரிது. மரத்திலிருந்து தவறி விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கால் அசையாமல் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், கூட வந்தவர்கள், "வீக்கம் வடிய ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை.

கேள்வியில் நியாயம் உண்டு. தண்டுவடம் எலும்புக் குழாய்க்குள் அடைபட்டது. வீங்கினால் விரிய இடமில்லை. ரத்த ஓட்டம் சுருங்கி, முதல் அடிக்குத் தப்பிய நரம்பிழைகளும் அடுத்த சில நாட்களில் மடியும். இதை ஸ்டீராய்டு தடுக்கும் என்று விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தந்தன.

மனிதர்களிடம் கதை வேறு. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 487 பேர். மொத்தமாகப் பார்த்தால் மருந்தால் பலனில்லை. அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களைத் தனியே பிரித்த பிறகே தசை வலிமையில் ஏறக்குறைய 5 புள்ளி கூடுதல் தெரிந்தது, அதுவும் 70-க்கு. அந்த 8 மணி நேரக் கோடு தரவைப் பார்த்தபின் போடப்பட்டது என்பது விமர்சகர்களின் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 5 புள்ளி கூடியவர் எழுந்து நடப்பார் என்பதற்கும் உறுதியில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த ஆய்வின் முறைப்படி ஒரே நாளில் 9 கிராமுக்கு மேல் மருந்து ஏறும். அத்தனை ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சும்மா விடுமா?

விடவில்லை. 1997-இல் வந்த அடுத்த ஆய்வில் 48 மணி நேரம் மருந்து பெற்றவர்களிடம் கடும் நிமோனியாவும் ரத்தத்தில் கிருமித்தொற்றும் கூடின. மருந்தே இல்லாத ஒப்பீட்டுக் குழுவும் அந்த ஆய்வில் இல்லை. தலைக்காயத்துக்கு இதே மருந்தைப் பத்தாயிரம் பேரிடம் சோதித்து 2004-இல் வந்த முடிவு இன்னும் மோசம்: இரண்டே வாரத்தில் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம், பெறாதவர்களில் 18. தலை வேறு, தண்டு வேறு என்பது சரியே. ஆனாலும் வீக்கத்தை அடக்கினால் போதும் என்ற எண்ணத்துக்கு அது பலத்த அடி.

அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் சங்கங்கள் 2013-இல் தண்டுவடக் காயத்துக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. 2017-இல் ஏஓ ஸ்பைன் என்ற முதுகெலும்பு மருத்துவர் குழு மட்டும், அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் என்றால் 24 மணி நேர ஊசியை யோசிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. சான்றின் கனத்துக்கு அது தாராளம்.

மாற்று என்ன? கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் தூக்குவது, மூச்சுக்காற்று, சராசரி ரத்த அழுத்தத்தை 85–90-இல் வைப்பது, எலும்பின் அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவையால் நீக்குவது. இவற்றுக்கும் சான்று அப்பழுக்கற்றதல்ல. 2012-இல் வந்த ஆய்வில் சீக்கிரம் அறுவை பெற்றவர்களில் ஏறக்குறைய 20 சதவீதமும், தாமதமானவர்களில் 9 சதவீதமும் நரம்புச் செயல்பாட்டு அளவுகோலில் குறைந்தது இரண்டு நிலை முன்னேறினார்கள். ஆனால் யாருக்கு எப்போது அறுவை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யவில்லை. என்றாலும் வீக்கத்துக்கு இடம் தருவது அறுவைதான். ஊசியால் அது ஆகாது.

அறுவைக்குக் கோவை போவதென்றால் உடுமலையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வழக்கமாகப் போட வேண்டிய மருந்தல்ல இந்த ஸ்டீராய்டு. இதற்காக ஒரு மணி நேரம்கூட வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. ஊசி போட்டாச்சா என்பதை விட்டுவிட்டு, அறுவை எங்கே, எத்தனை மணி நேரத்துக்குள் என்று கேளுங்கள்.