விடுவதும் அழிப்பதும்

நாவல் எழுதுகிறவனுக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது, உண்மைதான். ஆனால் நூறு பக்கம் எழுதி அதில் நாற்பது பக்கத்தைக் கிழித்துப் போடுவது எப்படி என்று ஓரளவு தெரியும். இணையத்தில் படத்தொகுப்பு வைக்கும் பழக்கத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் என் அக்காள் மகன் தானே தயாரித்த தொகுப்பு ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். அவன் தகப்பனாருக்குத் திருக்கடையூரில் நடந்த மணிவிழாப் படங்கள். மொத்தம் 1,146. அத்தனையையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடத் தாண்டினேன் என்று சொல்வதே சரி. ஒரே மாலை மாற்றல் முப்பது கோணங்களில் வருகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் காமிரா தானாகப் போட்டுக்கொண்ட எண்தான் தலைப்பு. 'டி.எஸ்.சி. 0417' என்று தலைப்பிட்டு ஒரு கதையை அனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியர் அதைப் பிரித்துப் படிப்பார்?

பையனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கருவியே அப்படி அமைந்திருக்கிறது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-ல் விற்பனைக்கு வந்தது. பத்தாண்டு ஆவதற்குள் இணையத் தொகுப்பு செய்வதற்கென்றே அதில் ஒரு கட்டளை சேர்ந்தது. படங்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டினால் போதும். ஒவ்வொரு படத்தையும் அளவு குறைத்து, கட்டைவிரல் நகம்போல ஒரு சின்னப் பிரதியும் எடுத்து, பக்கம் பக்கமாகக் கோத்துக் கொடுத்துவிடும். அந்தக் கட்டளை பிற்பாடு அதிலிருந்து போய்விட்டாலும், அதே வேலையை இன்று எத்தனையோ மென்பொருள்களும் தளங்களும் செய்கின்றன. மங்கலாக விழுந்த படத்தையும் கண்மூடிய முகத்தையும் தாமே ஒதுக்குகிறவைகூட உண்டு. ஆனால் இந்த வீட்டுக்கு இந்தப் படம் ஏன் வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்ல மனுஷன்தான் வேண்டும்.

ராபர்ட் ஃபிராங்க் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1955-லிருந்து அமெரிக்காவெங்கும் காரில் சுற்றி 27,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். 1958-ல் பாரிஸில் வெளியான 'அமெரிக்கர்கள்' என்ற அவருடைய புத்தகத்தில் இருப்பவை 83. எட்வர்ட் ஸ்டைக்கன் 1955-ல் நியூயார்க் நவீன கலைக் கூடத்தில் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளின் பிறப்பையும் காதலையும் உழைப்பையும் சாவையும் காட்ட அவருக்கு 503 படங்கள் போதுமாயிருந்தன. நம் வீட்டு மணிவிழாவுக்கு 1,146 வேண்டியிருக்கிறது!

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறை. அடுத்தது அப்படியல்ல.

அந்தத் தொகுப்பில் உண்மையிலேயே நல்ல படம் ஒன்று இருந்தது. தம்பதிகள் மாலையும் கழுத்துமாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னால் மண்டபத்துத் தூண். அந்தத் தூணில் ஓர் எண்ணெய்க் கறை. சற்று மேலே அச்சு அசலாக அதே கறை இன்னொன்று. கறைக்கு இரட்டைப் பிள்ளை பிறக்குமா? எனக்குச் சந்தேகம் தட்டியது. அன்று நான் அருகில்தான் நின்றேன். மாலை மாற்றும்போது அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு கிழவி நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

பையனைக் கேட்டேன்.

"பின்னாலே யாரோ நின்றார்கள், மாமா. படம் கெட்டுப்போயிருந்தது. அழித்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது அல்லவா?" என்றான்.

"அந்த யாரோ உன் அப்பாவின் சித்தியடா. தாயில்லாத பிள்ளைக்கு மூன்று வயதிலிருந்து சோறு போட்டவள்" என்றேன். அவன் பேசவில்லை.

படத்தைத் திருத்துவது புதிய பாவம் அல்ல. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகடிவின்மேல் பென்சிலால் தீட்டி அம்மைத் தழும்பை மறைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் பூசினார்கள். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை, அட்டையின் உயரத்துக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளையே நெருக்கி வைத்து, பிறகு கண்டனத்துக்கு ஆளாயிற்று. அன்று பெரிய பத்திரிகைக்குப் பெரிய யந்திரம் தேவைப்பட்டது. 2010-க்குப் பிறகு, வேண்டாத உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டால் போதும், அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருளே அந்த இடத்தை நிரப்பிவிடும் என்றாகிவிட்டது. இவ்வளவு சுலபமானதுதான் ஆபத்து. யோசிக்கிற நேரம்கூட இல்லை.

இருண்ட படத்தை வெளுக்கலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம், ஓரத்தை வெட்டலாம். ஓரத்தை வெட்டினால், சட்டத்துக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். நடுவில் ஒருவரை அழித்தாலோ, அங்கே யாருமே நிற்கவில்லை என்று படம் சாட்சி சொல்கிறது. என் நாவலிலிருந்து ஒரு கிழவியை நான் எடுத்துவிட்டால் அவள் பிறக்கவே இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. புகைப்படத்தில் இருக்கிறவள் பிறந்து, வளர்ந்து, அந்தத் தூணடியில் கால் கடுக்க நின்றவள். ஒரு படம் முழுவதையும் விட்டுவிட நமக்கு உரிமை உண்டு. அதற்குள் இருக்கும் மனுஷியை அழிக்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்?

மூலப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். அதன்மேலேயே திருத்திச் சேமித்துவிட்டானாம். மூலத்தைத் தொடாமல், அதன்மேல் கண்ணாடித் தாள் வைத்ததுபோலத் தனி அடுக்கில் திருத்தும் வசதி 1994-லிருந்து அந்த மென்பொருளில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள அவனுக்குப் பொறுமையில்லை. படம் எடுத்தவரோ அடுத்த கல்யாணத்துக்காகத் தம்மிடம் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார்.

இரண்டு இரவு உட்கார்ந்து இருவருமாக 1,146-ஐ நாற்பதாகக் குறைத்தோம். எண்களை எடுத்துவிட்டு, யார், எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினான். சித்தியின் முகம் மற்றப் படங்களில் எங்கும் அகப்படவில்லை. ஒன்றில் மட்டும், தாம்பாளத்தை நீட்டும் கை ஒன்று தெரிந்தது. தோல் சுருங்கி நரம்பு ஓடிய கை. நன்றாக எடுத்த படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை அவன் நாற்பதாவதாக வைத்து, கீழே அவள் பெயரை எழுதினான். சுருக்கத்தைத் திருத்தவில்லை.