பற்றுறுதியும் பட்டினியும்

அமெரிக்கக் கூட்டரசு ஊழியரின் நாட்டுப்பற்றைச் சோதிக்கும் ஆணையைச் சனாதிபதி துரூமன் 1947 இற் பிறப்பித்தார். அதன்பின் எழுந்த அச்சச் சூழலை, இரண்டாம் உலகப்போர்க் களத்தில் வைத்து எள்ளி நகையாடுகிறது 1961 இல் வெளியான யோசேப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவல். கப்டன் பிளாக் வகுக்கும் விதிப்படி, விசுவாசப் பத்திரத்திற் கையொப்பமிடாத வீரனுக்கு உணவுமில்லை, பரசூட்டுமில்லை. ஆயினும், பிளாக் பகைக்கும் மேஜர் மேஜருக்கோ கையொப்பமிடும் உரிமையே மறுக்கப்படுகிறது. பின்னர் ஒப்பமிடாமையே அவர்மீது குற்றமாகச் சுமத்தப்படுகிறது. பற்றை வளர்ப்பதன்று, பகைவனைப் படைப்பதே இத்தகைய சட்டத்தின் உள்நோக்கம் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

எனினும், அவ்விதியை வீழ்த்துவது வீரரின் எதிர்ப்பன்று. யாவரும் அஞ்சும் மேலதிகாரி ஒருவர் உணவு கேட்டு அதட்டும் அதட்டலே. அதிகாரமற்ற யொசாரியனுக்கு இறுதியில் எஞ்சுவது தப்பியோடும் வழியொன்றே. அங்கதம் சட்டத்தின் பொய்ம்மையை உரித்துக் காட்டும். அதனை மாற்றும் பொறுப்பு வாசகரையே சார்ந்தது.