இராசராசேச்சரமும் வாயிற்கடை வரலாறுகளும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் செல்லும் அன்பர்கட்குக் கோயில் வாயிலிலே விற்கப்பெறும் சிறு சுவடிகள் பல. அவற்றுட் சிலவற்றை ஒருங்கு வைத்து யாம் படித்துப் பார்த்தோம். ஒன்றைப் படித்தார் ஏனையவற்றைப் படிக்க வேண்டா. அத்துணை ஒப்புமை அவற்றிடையே உண்டு. விமானத்தின் நிழல் தரையில் வீழாது. உச்சியிலுள்ள கல் எண்பது டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே வந்தமையால் அதன் முதுகில் ஆணி அறைந்து நிறுத்தினர். இம்மூன்றுமே அவற்றின் சாரம். எஞ்சிய ஏடுகளில் அரசனது வெற்றிப் பெயர்களும் விளம்பரங்களும் நிறைந்துள்ளன. கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிலும், தூண்களிலும், சுற்றுமாளிகைச் சுவரிலும் ஆயிரம் ஆண்டுகளாக வெட்டெழுத்தாய் நின்று பேசிக்கொண்டிருக்கும் உண்மை வரலாற்றுக்கு அவற்றில் இடம் கிடைத்திலது. இக்குறையை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் நிழலை நோக்குவோம். காலையிலோ மாலையிலோ திருமுற்றத்தில் நிற்பவர் எவரும் விமானத்தின் நெடிய நிழல் கற்றளத்தின்மீது நீண்டு கிடத்தலைக் கண்ணாரக் காணலாம். கண்கூடாகிய பொருளைக் காணாது, கேள்வியால் வந்ததையே கொள்ளும் இவ்வழக்கம், காட்சியை முதலளவையாகக் கொள்ளும் சைவ சித்தாந்தத்தைப் பயின்றார்க்கு எவ்வாற்றானும் பொருந்துவதன்று. உச்சிக்கல்லின் செய்தியும் அத்தகையதே. எண்பட்டைச் சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டதென்பதை ஆராய்ந்தோர் கண்டு கூறியுள்ளனர். சாரப்பள்ளம் என்னும் ஊர்ப் பெயரையே முதற்சான்றாகக் கொண்டு அங்கிருந்து உச்சிவரை மண்சாய்வு அமைத்து ஒரு கல்லை ஏற்றினர் என்பது, கேட்க இனிதாயினும், சிற்பிகளின் உண்மையான திறத்தை மறைப்பதாகும். நந்தியோ இராசராசன் காலத்ததே அன்று. நாயக்கர் காலத்ததென்பது அறிஞர் துணிபு. நாயக்கர் காலத்து நந்தியைச் சோழர் காலத்து ஆணியால் நிறுத்துவார் கற்பனைக்கு என் சொல்வது!

இங்ஙனம் பொய் புனைதல் புதிதன்று. வடமொழியிலுள்ள பிருகதீச்சுவர மான்மியம் இக்கோயிலைக் கரிகாலன் கட்டினான் என்றும், அதனால் அவனது தொழுநோய் நீங்கிற்றென்றும் கூறும். சுவரிலே இராசராசன் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் நிற்க, அச்சுவரின் நிழலிலேயே இருந்து எழுதியவர் அதனைப் படியாமற் போயினர். 1886-இல் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஊல்சு என்னும் செர்மானிய அறிஞர் இக்கல்வெட்டுக்களைப் படியெடுத்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியாகப் பகுதி பகுதியாக வெளியிட்ட பின்னரே ஐயம் நீங்கிற்று. கடல் கடந்து வந்த ஒருவர் நம் வீட்டுச் சுவரை நமக்குப் படித்துக் காட்டும்படி நேர்ந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேற் சென்றும் நம்மவர் ஆணிக் கதையை விடாமலிருப்பதே வியப்பு.

இனி அச்சுவர் கூறுவதைக் கேட்போம். 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டு 275-ஆம் நாளில், அஃதாவது 1010-இல், விமானத்தின் தூபியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று கொடுத்தான். அதன் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. அடுத்த ஆண்டிலே, தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டுக என ஆணையிட்டான். பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நெல்லளந்த மரக்காலும் ஆடவல்லான் என்பதே. நிறைகல்லிலும் மரக்காலிலும் கூத்தப்பெருமான் திருப்பெயரை வைத்து வழங்கிய நாடு இது. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் வீதம் இடையரிடம் ஒப்புவித்து, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கச் செய்ததும், ஊர்ச்சபைகள் சண்டேசுவரர் பெயரால் கோயிற் காசைக் கடன்பெற்றுக் காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு வட்டி செலுத்தியதும் அங்கே எழுதப்பட்டுள்ளன.

இவையெல்லாம் பொருட்கணக்கு எனத் தள்ளுவார் உளராயின், திருமேனிகளைப் பற்றிய பகுதியை அவர் ஊன்றிப் படிப்பாராக. கோயில் முழக்கோலால் முழமும் விரலுமாக உயரம் அளந்து, கைகள் இத்தனை, பீடம் இன்னது என்று ஒவ்வொரு படிமத்தையும் அக்கல்வெட்டுக்கள் விரித்துரைக்கின்றன. கோயிலிற் சீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பவன் அரசனது 29-ஆம் ஆண்டிற்குள் எழுந்தருளுவித்த படிமங்களிலே நம்பி ஆரூரர், பரவை நங்கையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் ஆகியோர் உளர். சிறுத்தொண்டரும் சீராளரும் உளர். மெய்ப்பொருள் நாயனார் படிமமும் உண்டு. அதனைக் குறிக்குமிடத்து வாளா பெயர் கூறாது, பொய்வேடம் பூண்டு வந்து குத்திய பகைவனைத் தத்தன் வெட்டப் புகுந்தபோது, இவர் நம்மவர் என்று தடுத்த அச்சொல்லைச் சேர்த்தே மிலாடுடையார் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பிற்காலத்தில். அடியார் வரலாறுகள் சேக்கிழாரது கற்பனையே எனப் பேசுவார் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர். அவர்க்கெல்லாம் விடை இச்சுவரில் நிற்கின்றது. சைவர் கையில் இத்துணை வலிய சான்று இருக்க, அதனை விடுத்து நிழல் வீழாமையைச் சான்றாகக் காட்டுதல் கரும்பிருக்க இரும்பு கடித்தலை ஒக்கும். அப்படிமங்களுட் பெரும்பான்மையின இன்று கோயிலில் இல்லை என்பதும், அவை எங்குச் சென்றன என்று கேட்பாரும் மிகச் சிலரே என்பதும் ஈண்டு வருத்தத்தோடு குறிக்கத்தக்கன.

திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் பற்றிய சாசனம் எமக்கு எல்லாவற்றினும் இனியது. அரசன் அமர்த்திய பிடாரர் நாற்பத்தெண்மர். உடுக்கை வாசிப்பான் ஒருவன். கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆக ஐம்பதின்மர்க்கும் ஆளுக்கு நாடோறும் முக்குறுணி நெல். அவர்கள் பெயர்களை நோக்கின், தீக்கைத் திருநாமங்களாகச் சிவன் என முடிவன பல. ஒருவர் இறந்துபடினும், பிற நாடு செல்லினும் அவர்க்கு அணுக்கரான உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவ்வுறவினர் தகுதியுடையரல்லராயின் தகுதியுடையாரை அமர்த்திப் பாடுவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. உறவுரிமையினும் பாடும் தகுதியே முதன்மை என்பதைக் காண்க. இராசராசனே முதன்முதல் தேவாரத்தைக் கோயிலிற் பாடுவித்தான் என்று சுவடிகள் எழுதுவது பிழை. அவனுக்கு முற்பட்ட பல்லவ நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டே திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. திருமுறைகளைக் கண்டெடுத்துத் தொகுத்தது வேறு. பாடும் மரபு வேறு. முன்னதைப் போற்றுதற்குப் பின்னதை மறைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு சாசனத்தில், கோயிற்பணியாளர் வரிசையிலே ஆரியம் பாடுவாரும் தமிழ் பாடுவாரும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் நடைபெற்ற குடமுழுக்கின்போது எம்மொழியால் அதனை நிகழ்த்துவது என்னும் வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்று, இரு மொழியாலும் நிகழ்த்துக என்று முடிந்தது. இரு திறத்தாரும் வழக்காடு முன்னர்க் கோயிற் சுவரை ஒருமுறை வலம்வந்து படித்திருப்பின் நலமாயிருக்கும் என்பது எம் எண்ணம்.

அதே சாசனத்தில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும், அவர் எந்தெந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பதும், எத்தெருவில் எச்சிறகில் எத்தனையாம் வீடு என்பதும் எழுதப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நம் சுவடிக்காரர் இதனை நாணத்தால் மறைப்பர், அன்றி இழிசுவை கலந்து எழுதுவர். இரண்டும் தவறு. நட்டுவர், கணக்கர், தையலார், வண்ணார், நாவிதர், தச்சர், கன்னார் ஆகியோரோடு ஒரே வரிசையில் பெயரும் பங்கும் வீடும் குறிக்கப்பெற்ற பணியாளர் அவர்கள். அவர்தம் விருப்பம் கேட்டா அழைத்துவரப்பட்டனர் என்று வினவுவார்க்குக் கல்வெட்டு விடை கூறவில்லை, நாமும் கூறுதற்கில்லை.

இனிக் கட்டட அமைதி. பதின்மூன்று நிலையுடைய விமானம் இருநூறு அடியளவு ஓங்கி நிற்பதை யாவரும் புகழ்வர். அஃது எங்ஙனம் நிற்கின்றதென்பதை எழுதுவார் அரியர். கருவறையைச் சூழ ஒரு சுவரன்றி இரண்டு சுவர்கள் உள்ளன. இரண்டிற்கும் இடையே சுற்றறை. மேல்நிலையில் இவ்விரு சுவர்களும் உள்நோக்கி ஒன்றிக் கற்களைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்குதலால் இடைவெளி மூடப்பட்டு, அதற்குமேல் விமானம் உள்ளே வெளியாகவே குவிந்து உயர்கின்றது. கல் விளையாத ஆற்றுப்படுகையிலே, வெளியூரிலிருந்து கருங்கல் கொணர்ந்து இதனை எழுப்பிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அவன் பெயரும் கல்வெட்டில் உண்டு. அரசன் பெயரை ஆயிரம் முறை அச்சிடும் சுவடிகளில் இவன் பெயரைக் காண்டல் அரிது. திருச்சுற்றுமாளிகையை அரசன் ஆணையால் எடுப்பித்தவன் சேனாபதி கிருட்டிணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன். கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் என்னும் இரண்டும் விமானத்தினும் தாழ்ந்தனவாக நிற்றல் காண்க. கோபுரம் வானளாவ விமானம் சிறுத்த பிற்காலக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இஃது ஒரு பாடமாம்.

கீழ்ச் சுற்றறைச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலே சோழர் ஓவியம் மறைந்திருத்தலை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நம்பி ஆரூரரை மணப்பந்தரில் முதிய வேதியர் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்டதும், அவர் வெள்ளானைமேற் செல்லச் சேரமான் பெருமாள் குதிரைமேல் உடன் சென்றதும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. மேற்சுற்றறையிலோ இறைவனே ஆடிக் காட்டும் கரணங்கள் நூற்றெட்டுள் எண்பத்தொன்று செதுக்கி முடிக்கப்பெற்றன; இருபத்தேழு கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சுவடிகள் நூற்றெட்டும் உள்ளன என்று எழுதிவிடும். எண்ணிப் பார்க்கும் தொல்லை அவற்றிற்கு இல்லை. பொதுமக்கள் அவ்வறைகட்குட் செல்ல இயலாதாதலின் படிகளைக் கண்டே அமைதி கொள்ள வேண்டியிருக்கின்றது. காப்பின் பொருட்டு அது வேண்டுவதே.

வியப்புரைப்பார் ஒருபுறமிருக்க, இக்கோயில் அரசனது செருக்கின் சின்னமேயன்றிச் சமயத்தோடு தொடர்புடையதன்று என்று கூறும் புதிய வரலாற்றாளர் ஒருபுறம் உளர். அவர் கூற்றில் உண்மை சிறிதுமில்லை என்று யாம் சொல்லோம். கோயில் அரசன் பெயரால் வழங்கியது. சேரனையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து கொடுத்த பொன் இவ்வளவு எனக் கல்வெட்டே ஒளியாது உரைக்கின்றது. ஈழத்து ஊர்களும் நிவந்தமாக எழுதப்பட்டன. ஆயினும் சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவன், தன் வெற்றிகளைப் பாடுவாரை நாற்பத்தெண்மராக அமர்த்தினானல்லன். மூவர் தமிழைப் பாடுவாரையே அமர்த்தினான். கருவூர்த்தேவர் இக்கோயில்மீது பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றது. செருக்கும் அன்பும் ஒருவன் நெஞ்சில் ஒருங்கே உறைதல் இயலாதென்று இவர்க்கு யார் சொன்னது? ஆணவம் முத்தியிலும் தன் சத்தி மடங்கி நிற்குமேயன்றி அழியாது என்னும் நம் சாத்திரம், அரசர் திறத்து இதனை இன்னும் செவ்விதாக விளக்கும்.

பிற்காலப் பணிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லின் அமையும். அம்மன் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. முருகன் கோயில் நாயக்கர் பணி. நுண்மையால் அதற்கு நிகரான கற்பணி அம்முற்றத்தில் வேறில்லை. 1803-இல் சரபோசி மன்னர் தம் குல வரலாற்றை மராத்தியில் சுவரில் வெட்டுவித்தார்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கட்டியவன் இட்ட பெயர் இராசராசேச்சரம். பெருவுடையார் என்பதும் பிருகதீச்சுரர் என்பதும் பின் எழுந்தவை. பெருவுடையார் என்பது இனிய தமிழாதலின் அதனை வழங்குதற்குத் தடையில்லை. ஆயின் சுவடியின் முதலேட்டில் கல்வெட்டுப் பெயரையும் அச்சிடுதல் வேண்டும். அதனோடு பிடாரர் நாற்பத்தெண்மர் பெயர்களையும் இரண்டு பக்கங்களில் அச்சிட்டால், நந்திக்கு அறைந்த ஆணியைப் பற்றி எழுத அங்கே இடம் இராது.