ஆணியில் தொங்கும் பறவைகள்

தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும்போதெல்லாம் நண்பர்கள் என்னை ஒரு வாழையிலை உணவகத்துக்கு இழுத்துப் போவார்கள். சாப்பாடு சுமார்தான். ஆனால் அங்குள்ள ஒரு சுவர் பிரபலம். பால் வெட்டும் கத்தி, மங்கு கோப்பை, மண்ணெண்ணெய் விளக்கு, துருப்பிடித்த சைக்கிள் டைனமோ என்று பழைய தோட்டத்துச் சாமான்களைப் பலகையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று எல்லாரும் படம் பிடித்துக்கொள்வார்கள். நானும்தான். போன முறை அப்படி நின்றபோது வில்லியம் ஹார்னெட்டின் 'வேட்டைக்குப் பின்' என்ற ஓவியம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த ஓவியத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை, அந்தச் சுவரையும்.

ஹார்னெட் அதை 1885இல் பாரிஸில் வரைந்தார். ஏறக்குறைய 6 அடி உயரம். பச்சைச் சாயம் பூசிய பழைய மரக்கதவு, அதில் பெரிய இரும்புக் கீல்கள். கதவின் மேல் மான் கொம்பு, தொப்பி, ஊதுகொம்பு, துப்பாக்கி, வாள். அவற்றோடு தலைகீழாக ஒரு முயலும் வேட்டைப் பறவைகளும். ஓவியம் இப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. நான் அதைத் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் தூரிகை வேலையைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். எந்தப் பொருளின் எடை எந்த ஆணியில் இறங்குகிறது என்பதை நாங்கள் தொழிற்சாலை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவோம். ஹார்னெட் நிழலை வைத்தே அதைக் காட்டிவிடுகிறார். செத்த பறவையின் உடல் அதன் கனத்தாலேயே கீழே இழுபட்டுக் கிடக்கிறது. கதவுக்கு முன்னால் சில அங்குல ஆழம்தான், அதற்குமேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் கண் ஏமாறுகிறது, கை நீட்டி எடுத்துவிடலாம் போலத் தோன்றுகிறது.

ஓவியத்தை வாங்கியவர் தியோடர் ஸ்டூவர்ட். நியூயார்க் வாரன் தெருவில் இருந்த தன் மதுக்கடையில் அதை மாட்டினார். குடிக்க வந்தவர்கள் அதன் முன்னால் நின்று நிஜமா பொய்யா என்று வாதாடினார்கள். நகரத்து ஆண்களுக்கு மாலை நேரத்தில் ஒரு கிராமம் கிடைத்தது. சேறு இல்லாத, ரத்த வாடை இல்லாத கிராமம்.

ஹார்னெட் யார் என்று தேடினேன். 1848இல், உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில், அயர்லாந்தின் க்ளோனகில்டியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேறிவிட்டது. வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் செதுக்கிப் பிழைத்தவர். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிய குடும்பத்துப் பிள்ளை கனவான் வீட்டு வேட்டைச் சாமான்களை வரைகிறார். ஐரோப்பாவில் நெடுங்காலம் வேட்டை என்பது நிலம் உள்ளவனின் உரிமை. பிரான்சில் அந்த உரிமை 1789 ஆகஸ்ட்டில்தான் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஏழை ஒரு முயலைப் பிடித்தால் அவன் திருடன். கதவில் அழகாகத் தொங்கும் பறவைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றி ஓவியம் மூச்சுவிடவில்லை.

எங்கள் தாத்தா கண்ணி வைத்துக் கானாங்கோழி பிடிப்பார். மலாயில் ருவாக்-ருவாக். தோட்டத்துக் கால்வாயோரப் புதரில் தூண்டில் நரம்பைச் சுருக்குப் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் மரம் வெட்டி முடித்து வரும்போது பார்ப்பார். பாட்டி இறகைப் பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவி வைப்பார். ஒரு பறவையில் ஒரு கைப்பிடிக் கறிகூடத் தேறாது. "அத போய் ஸ்கூல்ல சொல்லாதடா" என்று அம்மா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. கோழி வாங்க முடியாதவன் தின்பது என்ற வெட்கம். இன்றைக்கு உரிமம் இல்லாமல் அதைப் பிடித்தால் சட்டப்படி குற்றம், அது சரிதான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த வெட்கத்துக்கு எந்தச் சுவரிலும் ஆணி இல்லை.

நம் பக்கத்தில் பறவைகளை வரைந்தவர்கள் உண்டு. மலாக்காவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்குவார், 1803க்கும் 1818க்கும் இடையில் சீன ஓவியர்களை வைத்து 477 படங்கள் வரையவைத்தார். இப்போது அவை சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. நேரில் பார்த்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் வரைந்த கைகளுக்குப் பெயர் இல்லை. பிடித்துக் கொடுத்த கைகளுக்குப் படத்தில் இடமே இல்லை. பறவை மாதிரிப் பொருளாகிவிட்டது.

என் பாட்டியின் அடுப்படிக்கு நெருங்கி வந்தவர் கோயாதான். பிரெஞ்சுப் படை ஸ்பெயினில் இருந்த ஆண்டுகளில் அவர் இறகு பிடுங்கிய ஒரு வான்கோழியை வரைந்தார். வேட்டைப் பறவைகூட இல்லை. துப்பாக்கி இல்லை, ஊதுகொம்பு இல்லை, வெறும் தோல். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. யாரும் அதைத் தங்கள் உணவகத்தில் மாட்டமாட்டார்கள்.

ஹார்னெட்டைக் குறை சொல்வது எளிது. அவர் பொய் எதையும் வரையவில்லை, ஒவ்வொரு பொருளும் நேர்மையாகவே இருக்கிறது. பொருள்களைக் கதவில் மாட்டியதும் மனிதர்கள் கழன்றுகொள்கிறார்கள், அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் தோட்டத்தைப் பற்றிய நம் ஓவியங்களும் கதைகளும்கூடத் தலைத்துண்டு, பால் வாளி, மூடுபனி என்று இதே கதவுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்த உணவகச் சுவரின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். பதினைந்து வயதில் பாட்டியோடு மரம் வெட்டப் போனவர். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கத்திய ஏன் ஆணில மாட்டி வெச்சிருக்காங்க? முனை மழுங்கிடாது? நாங்க சாணை புடிச்சு, துணி சுத்தித்தான் வெப்போம். காலைல அஞ்சு மணிக்கு வேணும்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "எந்தத் தோட்டத்துக் கத்தி இது?" என்றார்.

பலகையில் எழுதியிருந்ததா என்று தேடினேன். உணவகத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.