மழை மறைவில் தடுமாறும் வரைபடம்

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி. நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. மேலே சோலையும் புல்வெளியும். கீழே முட்புதர்க் காடு. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டித் தீர்த்த பிறகு, மசினகுடி இருக்கும் சீகூர்ப் பகுதிக்கு மிச்சம் மீதிதான் வருகிறது.

க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளும் வேர்ல்ட்கிளிம் போன்ற இலவசக் காலநிலைத் தரவும் வந்தபின், ஒரு மடிக்கணினி இருந்தால் கல்லூரி மாணவரே நீலகிரிக்குக் காலநிலை வரைபடம் போட்டுவிடலாம். இது பெரிய வரம். வெப்பநிலையைப் பொறுத்தவரை அந்த வரைபடத்தைப் பெரிதும் நம்பவும் செய்யலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பதால், உயரம் தெரிந்தாலே கணக்கு ஓரளவு கைகூடிவிடும்.

மழை அப்படி அடங்காது. மழைமானி இல்லாத இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்து அளவுகளையும் உயரத்தையும் வைத்து நிரப்புகிறது. மலையின் எந்த முகம் காற்றை எதிர்கொள்கிறது என்பதை அந்தக் கணக்கு சரியாகப் பிடிப்பதில்லை. வேர்ல்ட்கிளிமின் கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஆனால் கட்டத்தைச் சிறிதாக்கினால் மழைமானிகள் பெருகிவிடுமா? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் டிகிரித் தரவிலோ, ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஊட்டியையும் மசினகுடியையும் ஒன்றாகவே விழுங்கிவிடும் அகலம் அது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் கொட்டிய 82 செ.மீ. மழையும் இத்தகைய சராசரியில் கரைந்துபோகும்.

என்னை அதிகம் உறுத்துவது வண்ணப் பூச்சு. அளந்த இடமும் ஊகித்த இடமும் ஒரே நீலத்தில் வழவழவென்று கலந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. கோடையில் யானைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி எங்கே, தீத்தடுப்புக் கோடு எங்கே என்று முடிவெடுப்பவர் கையில் இப்படியொரு படம் இருப்பது ஆபத்து.

எதை வரைகிறோம் என்பதும் முக்கியம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காக பாஸ்கால் என்ற ஆய்வாளர் 1982-இல் தந்த மேற்குத் தொடர்ச்சி மலை உயிர்க்காலநிலை வரைபடம், ஆண்டு மழையோடு வறண்ட காலத்தின் நீளத்தையும் சேர்த்துக் காட்டியது. மசினகுடிக்கு வேண்டிய கேள்வி அதுதான்: எத்தனை மாதம் காய்கிறது?

அளந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுவது இன்றைய மென்பொருளில் கடினமல்ல. மழைமானிகளைப் புள்ளியாக வரைபடத்தின் மேலேயே போடலாம். ஒரு மானியை விலக்கிவிட்டு அந்த இடத்து மழையைக் கணித்து, பிழை எவ்வளவு என்று பக்கத்தில் அச்சிடலாம். தேயிலைத் தோட்ட அலுவலகங்கள் நாள்தோறும் எழுதிவரும் மழைப் பதிவேடுகளையும் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம்.